கல்லூரி அணியும் ஊர் மைதானமும்

கல்லூரி ஒன்றின் விளையாட்டு அணியைப் போல நிலையில்லாத படை வேறொன்று இல்லை. அரசனுடைய சேனையில் சேர்ந்த வீரன் நரை தோன்றும் வரை அதில் இருப்பான். ஆலை அணியிலோ இரயில்வே அணியிலோ இடம் பெற்றவன் பத்தாண்டு, பதினைந்தாண்டு ஆடுவான். கல்லூரி மாணவனோ மூன்றாண்டு விருந்தாளி. முதலாண்டு அணியில் இடம் பிடிப்பதிலேயே கழிகிறது; இரண்டாம் ஆண்டில் ஆட்டம் கைவருகிறது; மூன்றாம் ஆண்டில் கோப்பையோடு நின்று படம் எடுத்துக்கொண்டபின், பட்டத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். மறு ஜூன் மாதத்தில் மைதானத்தில் நிற்பவர் புதுமுகங்கள். இவ்வாறு ஆண்டுதோறும் கரைந்துகொண்டே, ஆண்டுதோறும் வென்றுகொண்டும் இருந்த ஹாக்கி அணிகள் நம் நாட்டில் சில உண்டு. அஃது எப்படி இயன்றது என்பதே இன்று நேயர்களுக்கு நான் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. ஹாக்கியை நம்மவர் வளைகோற் பந்தாட்டம் என்று மொழிபெயர்த்தனர், நல்ல பெயர்தான். ஆனால் வகுப்பில் அதைச் சொன்னால் பிள்ளைகள் குழம்புவார்கள். கையில் இருப்பதும் கோல், பந்து புகுந்தால் கிடைப்பதும் கோல்! ஆதலின் தடியை மட்டை என்றும், ஆட்டத்தை ஹாக்கி என்றுமே சொல்லி நான் பழகிவிட்டேன். இங்கும் அவ்வாறே சொல்லுகிறேன்.

இவ்வாட்டத்தை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலப் பட்டாளத்தார். கல்கத்தாவில் பெய்ட்டன் கோப்பைப் போட்டி 1895இல் தொடங்கிற்று. சென்னையில் மதராஸ் கிரிக்கெட் கிளப்பார் 1901இல் தங்கள் போட்டியைத் தொடங்கினர். பட்டாளத்து மைதானத்தில் வெள்ளையர் ஆடியதை வேலி ஓரத்தில் நின்று பார்த்த பிள்ளைகள், கிடைத்த வளைந்த கொம்பை ஒடித்து ஆடக் கற்றார்கள். அவ்வாட்டத்துக்கு ஒழுங்கும் நேரமும் சட்டமும் தந்தவை பள்ளிகளும் கல்லூரிகளும் ஆகும். இந்திய அணி முதன்முதலாக ஒலிம்பிக் பொற்பதக்கம் வென்றது 1928இல், ஆம்ஸ்டர்டாம் நகரில். அவ்வணிக்குத் தலைவராக விளங்கிய ஜெய்பால் சிங், சோட்டாநாகபுரி மலைநாட்டு முண்டா குலத்தில் பிறந்து, ராஞ்சியில் பாதிரிமார் பள்ளியில் பயின்று, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்தவர். அப்பல்கலைக்கழகத்தின் ஹாக்கி அணியில் இடம்பெற்ற மாணவர். அதே அணியில் 14 கோல் அடித்த தியான் சந்த் கல்லூரி அணியிலிருந்து வந்தவரல்லர். அவர் பட்டாளத்துச் சிப்பாய். இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஹாக்கி கல்லூரிகளால் மட்டும் வளர்ந்தது என்பது பொய். ஆயினும், ஒருவர் போனால் ஒருவர் என்று வரிசை அறாமல் ஆட்டக்காரரைத் தந்த இடம் எது என்று தேடினால் கல்லூரிகளுக்கு வந்து நிற்கிறோம். அவற்றுள்ளும் பஞ்சாபில் வந்து நிற்கிறோம்.

அமிர்தசரஸில் 1892இல் நிறுவப்பெற்றது கால்சா கல்லூரி. 1940களின் தொடக்கத்தில் அதன் ஹாக்கி அணியைப் பயிற்றியவர் ஹர்பைல் சிங் என்பவர். அவர் செய்த முதற்காரியம், வந்த மாணவரைக் கொண்டு ஆடுவோம் என்று உட்கார்ந்திராமல், ஆடத்தக்க பிள்ளையைத் தேடிப் போனது. லாகூரில் சீக்கிய தேசியக் கல்லூரியில் பல்பீர் சிங் என்றோர் இளைஞர் படித்துக்கொண்டிருந்தார். மோகா நகரத்துப் பள்ளியாசிரியரும் விடுதலைப் போராட்ட வீரருமான ஒருவரின் மகன். ஹர்பைல் சிங் அவ்விளைஞரை விடாமல் அழைத்தார். பிள்ளை ஊர் மாறுவதற்கு வீட்டார் இசைய நாளாயிற்று, முடிவில் இசைந்தார்கள். 1942இல் பல்பீர் அமிர்தசரஸ் வந்து சேர்ந்தார்.

பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்லுகிறேன். அந்நாளில் பஞ்சாப் பல்கலைக்கழகம் மிகப் பரந்தது. பிரிக்கப்படாத பஞ்சாபின் கல்லூரிகளோடு, காஷ்மீரம் முதலிய பிற நிலத்துக் கல்லூரிகளும் அதன் குடைக்கீழ் இருந்தன. அப்பல்கலைக்கழக அணியில் ஒருவன் இடம் பெறுவது இந்நாளில் தேசிய அணியில் இடம் பெறுவதை ஒத்தது. 1943, 1944, 1945 ஆகிய மூன்றாண்டும் அகில இந்தியப் பல்கலைக்கழகப் பட்டத்தை அவ்வணி வென்றது. மூன்றிலும் பல்பீர் ஆடினார். மூன்றாவதில் தலைவராக ஆடினார். அதன்பின் 1948இல் லண்டன், 1952இல் ஹெல்சின்கி, 1956இல் மெல்போர்ன் என்று மூன்று ஒலிம்பிக் பொற்பதக்கங்கள். மெல்போர்னில் அவரே தலைவர். ஹெல்சின்கி இறுதி ஆட்டத்தில் ஹாலந்துக்கு எதிராக இந்தியா அடித்த ஆறு கோல்களில் ஐந்து அவருடையவை. ஒலிம்பிக் ஆடவர் இறுதி ஆட்டத்தில் ஒருவர் ஐந்து கோல் அடித்தது அதுவே. இன்றுவரை அதை விஞ்சியவர் இல்லை. பல்பீர் சிங் 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் காலமானார்.

இத்தனையும் பல்பீரின் கதையாகவே உலகம் பேசுகிறது. நானோ ஆசிரியன், என் கண் ஹர்பைல் சிங்கின் மேலேயே செல்கிறது. ஹெல்சின்கிக்கும் மெல்போர்னுக்கும் இந்திய அணியைப் பயிற்றிச் சென்றவர் அவரே. ஒரு கல்லூரி மைதானத்தில் அதிகாலையில் மாணவரை ஓடவிட்ட மனிதர், பத்தாண்டுக்குப் பின் அதே மாணவரை உலக மேடைக்கு அழைத்துச் செல்கிறார் என்றால், இடைப்பட்ட காலத்தில் மாணவர் மாறினர், நாட்டின் எல்லையே மாறிற்று. பயிற்றிய கண் மாறவில்லை என்பது பொருள்.

கல்லூரி முடிந்தபின் மாணவனுக்கு என்ன வழி என்னும் வினாவும் இதனோடு ஒட்டியது. பஞ்சாப் போலீஸ் தலைவராக இருந்த சர் ஜான் பென்னெட் என்னும் ஆங்கிலேயர், பல்பீரைத் தம் போலீஸ் அணிக்கு வேண்டினார். தந்தையோ விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்றவர். மகனுக்குப் போலீஸ் உடுப்பை அணிய மனமில்லை. டெல்லிக்குப் போய்ப் பொதுப்பணித் துறையில் வேலை தேடிக்கொண்டார். பென்னெட் விட்டாரா? ஆள் அனுப்பி, கைவிலங்கிட்டே அழைத்துவரச் செய்தார்! இதைப் பல்பீர் தாமே தம் வரலாற்றில் நகைச்சுவையோடு சொல்லியிருக்கிறார். வேலைக்காக ஆட்டக்காரன் நடந்து தேய்ந்த கதைகள் ஆயிரம். வேலை ஆட்டக்காரனை விலங்கோடு தேடி வந்த கதை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆட்டம் உணவளிக்கும் என்ற நம்பிக்கை ஒரு நாட்டில் ஏற்பட்டுவிட்டால், பிள்ளையின் கையிலிருக்கும் மட்டையைத் தகப்பன் பிடுங்கி எறியமாட்டான்.

1947 வந்தது. அவ்வாண்டு தேசியப் பட்டத்தை வென்ற பிரிக்கப்படாத பஞ்சாப் அணிக்குத் தலைவர் ஏ. ஐ. எஸ். தாரா. 1936இல் பெர்லினில் இந்தியாவுக்காகப் பொற்பதக்கம் வென்றவர். அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் அவர் பாகிஸ்தான் அணியின் தலைவர். அவர் கீழ் ஆடிய பல்பீரோ இந்தியாவின் முன்னணி ஆட்டக்காரர். அவ்வாண்டு இரு அணிகளும் நேருக்கு நேர் மோதவில்லை. பாகிஸ்தான் அரையிறுதியில் பிரிட்டனிடம் தோற்றது, இந்தியா இறுதி ஆட்டத்தில் அதே பிரிட்டனை 4-0 என்று வென்றது. ஆளும், மட்டையும், மட்டை செய்யும் தச்சனும்கூட அன்று எல்லை கடந்தார்கள். சியால்கோட் நகரில் முசுக்கட்டை மரத்தில் ஹாக்கி மட்டை வளைத்த தொழிலாளரிற் பலர் ஜலந்தருக்கு வந்து குடியேறினர். இன்றும் நம் ஊர்க் கடைகளில் விற்கும் மட்டைகளிற் பெரும்பாலானவற்றில் ஜலந்தர் என்ற பெயரைப் பார்க்கலாம்.

கல்லூரியே குடிபெயர்ந்த கதையும் உண்டு. லயால்பூரில் 1908இல் தொடங்கிய கால்சா நிறுவனம் தன் ஊரை இழந்து, 1948இல் ஜலந்தரில் மீண்டும் தொடங்கிற்று. பெயரில் மட்டும் லயால்பூரை விடவில்லை. லயால்பூர் கால்சா கல்லூரி என்றே இன்றும் வழங்குகிறது. கட்டடமும் மைதானமும் எல்லைக்கு அப்பால் போயின. ஆனால் அது வந்து சேர்ந்த இடத்துக்கு அருகே சன்சார்பூர் என்றொரு சிற்றூர் இருந்தது. ஜலந்தர்ப் படைவீட்டை ஒட்டிய ஊர். பட்டாளத்து மைதானம் அவ்வூராருக்கு வீட்டு முற்றம் போன்றது. அச்சிற்றூரிலிருந்து ஒலிம்பிக் சென்றவர் பதினால்வர் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களுள் அஜித் பால் சிங் படைவீட்டுப் பள்ளியில் பயின்று, லயால்பூர் கால்சா கல்லூரியில் சேர்ந்து, 1966இல் அக்கல்லூரி அணிக்குத் தலைமை தாங்கினார். 1975இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று உலகக் கோப்பையை ஏந்திய இந்திய அணியின் தலைவர் அவரே. அப்போது நான் பள்ளி மாணவன். திசையன்விளைக் கடைத்தெருவில் ஒரு காப்பிக் கடை வானொலியைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் நின்றோம். வருணனை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி வந்தது. இந்தியில் வரும்போது குரலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே பந்து எந்தப் பக்கம் போகிறது என்று ஊகித்தோம். அவ்வணியில் நம் தமிழர் வி. ஜே. பிலிப்ஸ் இருந்தார் என்பதில் எங்களுக்கு மட்டற்ற பெருமை.

கடல் கடந்த உதாரணம் ஒன்றும் சொல்லவேண்டும். அமெரிக்க நாட்டில் ஹாக்கி பெரும்பாலும் பெண்களின் ஆட்டம். கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ என்ற ஆங்கில மாது 1901இல் அங்கே சென்று, மகளிர் கல்லூரி ஒவ்வொன்றாகப் போய்க் கற்பித்தார். அந்நாட்டு வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் கரேன் ஷெல்டன் என்ற அம்மையார் 1981ஆம் ஆண்டு பயிற்றுநராகச் சேர்ந்து, 2022ஆம் ஆண்டு முடிவில் ஓய்வு பெற்றார். அவர் காலத்தில் அவ்வணி பத்துமுறை தேசியப் பட்டம் வென்றது. பத்தாவது, அவர் ஓய்வு பெற்ற ஆண்டிலேயே. அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்றவர் அவரிடமே ஆடிய மாணவி எரின் மேட்சன், வயது 22. மறு ஆண்டும் பட்டம் அவர்களுக்கே. ஏறத்தாழ நாற்பது வகுப்பு மாணவியர் வந்து போனார்கள்; ஆசிரியை ஒருவரே. அமிர்தசரஸில் கண்டதையே அட்லாண்டிக் கரையிலும் காண்கிறோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் 1920இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தோற்றுவித்தார். அங்கே பயின்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் மாவட்டந்தோறும் சென்று பள்ளிகளில் அமர்ந்தார்கள். மாணவர் வாயில் 'டிரில் மாஸ்டர்' என்று வழங்கிய அம்மனிதர்களைப் பற்றி ஒரு வரலாற்று நூலும் சரியாகப் பேசவில்லை என்பது என் மனக்குறை. கல்லூரி பெற்ற கோப்பைகளின் பின்னால், பெயர் தெரியாத அவர்களுடைய ஊதல் ஒலி இருக்கிறது.

சென்னைக் கல்லூரிகளுள் லயோலாவின் பெயர் ஹாக்கியில் நிலைத்தது. வாசுதேவன் பாஸ்கரன் அக்கல்லூரி மாணவர். 1980இல் மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று வென்று பொற்பதக்கம் பெற்ற இந்திய அணிக்கு அவர் தலைவர். அதன்பின் இதுவரை ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஹாக்கிப் பொன் கிட்டவில்லை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும், 2024இல் பாரிஸிலும் வெண்கலம் பெற்றோம்.

இடையில் என்ன நேர்ந்தது? 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடப்பெற்றது. ஓராண்டுக்கு முன் உலகக் கோப்பை வென்ற இந்தியா அங்கே ஏழாம் இடத்துக்கு இறங்கிற்று. புல்தரையில் பந்து தயங்கித் தயங்கி உருளும். அத்தயக்கத்தில்தான் நம்மவரின் மணிக்கட்டு வித்தை இருந்தது. நீர் தெளித்த செயற்கைத் தரையிலோ பந்து வழுக்கிப் பறக்கும். அங்கே ஓட்டமும் உடல்வலிமையும் முன்னிற்கும். ஆட்டம் மாறியதைவிடப் பெரிய துன்பம் செலவு மாறியது. 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் உள்ள நிலத்தைச் சமப்படுத்திச் சுண்ணாம்புக் கோடு போட ஒரு பள்ளியால் முடியும். அதே நிலத்தில் செயற்கைத் தரை விரிக்கக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். தரை விரிக்கக் காசில்லாத கல்லூரிகள் சரளையிலேயே ஆடின. சரளையில் பழகிய கால்களோடு மாணவர் பெரிய போட்டிகளுக்குச் சென்று திகைத்து நின்றனர். சன்சார்பூரின் நெடிய வரிசையும் இக்காலத்திலேயே தேய்ந்தது.

இச்சூழ்நிலையில், நம் பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் ஓர் ஊர் மட்டும் ஹாக்கியை விடாமல் பிடித்துக்கொண்டது. அது கோவில்பட்டி. 1986இல் மாவட்டம் பிரிந்தபோது தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் எங்களுக்கு அது அயலூர் அன்று. கரிசல் காடு, பஞ்சாலை, தீப்பெட்டித் தொழில், கடலை மிட்டாய் என்று அறியப்பட்ட ஊர். அங்கே தெருவுக்குத் தெரு ஹாக்கிக் குழுக்கள் உண்டு. மற்ற ஊர்களில் பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையோடு திரியும் மாலை வேளையில், அங்கே வளைந்த மட்டையோடு திரிவதைப் பார்க்கலாம். கரிசல் மண் கோடையில் இறுகிக் கல்லாகும். அத்தரையில் பந்து வேகமாக ஓடும். ஆடிப் பழகியவர் இரயில்வேயிலும் காவல்துறையிலும் வங்கியிலும் வேலை பெற்றனர். விடுமுறைக்கு ஊர் வரும்போது அவர்களே இளையவருக்கு ஆசிரியர் ஆயினர். பிற்காலத்தில் அரசு அங்கே செயற்கைத் தரை விரித்து, பயிற்சி மையமும் மாணவர் விடுதியும் ஏற்படுத்திற்று.

அதன் பயன் 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் தெரிந்தது. ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்குச் சென்ற இந்திய அணியில் இரு தமிழர். ஒருவர் கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல். மற்றவர் அரியலூரில் பிறந்து கோவில்பட்டி மையத்தில் பயின்ற கார்த்தி செல்வம். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். அணி வெண்கலம் பெற்றது. அதே மாதத்தில் கோவில்பட்டியில் தேசிய இளையோர் போட்டி நடந்துகொண்டிருந்தது; நாட்டின் நாலாபக்கத்துப் பிள்ளைகளும் அவ்வூர்த் தரையில் ஆடினர். 2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் இளையோர் உலகக் கோப்பையே சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. கல்லூரிகள் இன்று நன்கு ஆடும் பிள்ளைகளைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொண்டு, கோப்பை வாங்கி, வாயிலில் பெயர்ப்பலகை வைக்கின்றன. நல்லதுதான். அப்பலகையில், அப்பிள்ளை பதினொரு வயதில் ஆடிய பள்ளியின் பெயரும் இருக்கவேண்டும் என்பது இக்கிழவனின் ஆசை. கல்லூரி அறுவடை செய்கிறது. விதைத்தவர் வேறிடத்தில் இருக்கிறார். ஹர்பைல் சிங் போல, விதைத்த நிலத்தைத் தேடிப் போய்ப் பார்க்கும் கல்லூரி ஆசிரியர் மிகச் சிலர்.

எங்கள் திசையன்விளைப் பக்கத்து நிலை வேறு. சுற்றிலும் தேரி. சிவந்த மணல், ஆடிக் காற்றில் இடம் பெயர்வது. அதில் பந்தை அடித்தால் இரண்டு முழம் போய்ப் புதைந்து நிற்கும். கால்பந்துக்குப் பனங்காயும் மட்டைக்குப் பனைமட்டையுமாக ஆடிய பிள்ளைகள் நாங்கள். தேரி மண்ணில் ஹாக்கி மைதானம் வேண்டுமாயின், மேல் மணலை வாரி, குளத்துக் களிமண்ணும் சரளையும் கொட்டி, நீர் தெளித்து உருளை ஓட்டவேண்டும். இரண்டு மழை பெய்தபின் மீண்டும் ஓட்டவேண்டும். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் இதை உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் மூன்று கோடையில் செய்து முடித்தார். ஊரார் வண்டிச் சரளை தந்தனர். பெற்றோர் சிலர் பனை ஏறி வந்த களைப்போடு மாலையில் வந்து மண் வெட்டினர். பத்து மட்டைகள் ஜலந்தரிலிருந்து வந்தன. ஆட்டம் தொடங்கி நான்கு ஆண்டு நன்றாக நடந்தது. வேறொரு பள்ளியிலோ, இருந்த மைதானத்தின் நட்டநடுவில் வகுப்பறைக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். வகுப்பறையும் வேண்டியதுதான், ஆனால் பக்கத்தில் தரிசு நிலம் கிடந்தது.

அந்தச் சரளை மைதானத்தில் ஆடியவர்களுள் மூவர் கோவில்பட்டி விடுதிக்குத் தேர்வாயினர். அவர்களை அனுப்புவதற்கு வீட்டாரை இசைவிக்க நான் மூன்று வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து பேசினேன். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஆண்பிள்ளையை அனுப்புவதற்கே ஒரு தாய் அழுதார், "சோறு ஒழுங்கா போடுவாவளா சார்?" என்று மூன்று முறை கேட்டார். போடுவார்கள் என்று நான் உறுதி சொன்னேன். மூவரும் பின்னர்க் கல்லூரியில் சேர்ந்து பல்கலைக்கழக அளவில் ஆடினர். இந்திய அணிக்கு எவரும் போகவில்லை. ஒருவர் காவல்துறையில் இருக்கிறார். ஒருவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். மூன்றாமவர் உடற்கல்வி ஆசிரியராகி, அரசுப் பள்ளி ஒன்றில் சென்ற ஆண்டு பணியேற்றார். செய்தி சொல்ல வீட்டுக்கு வந்திருந்தபோது, பள்ளியில் மைதானம் உண்டா என்று கேட்டேன்.

"இருக்கு சார். உடைமரம் மண்டிக் கெடக்கு. வெட்டணும்" என்றார்.